நுனி ஒடித்த வெண்டைக்காய்

வெண்டைக்காயை நுனி ஒடிக்காமல் வாங்கப் பழகி நாலு மாதம் ஆகிறது. கை இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. குவியலுக்கு முன்னால் போய் நின்றதும் கட்டைவிரல் தானாக நுனிக்குப் போகிறது. இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆறேழு வயதில் கும்பகோணம் மார்க்கெட்டில் அம்மா கற்றுக்கொடுத்த வித்தை. நுனியைத் தள்ளிப் பார். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, எடுத்துக்கொள். ஒடியாமல் வளைந்தால் முற்றல், போட்டுவிடு. இது தப்பு என்று அங்கே யாரும் சொன்னதில்லை. கடைக்காரர் எப்போதாவது "பாத்துப் பொறுக்குங்கம்மா" என்று முனகுவார், அதுவும் அம்மாவைப் பார்த்தல்ல, தராசைப் பார்த்து. ஒடிக்காமல் வெண்டைக்காய் வாங்கும் ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

டொரொண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில், பதினைந்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறேன். போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரை இருக்கும், அஜின்கோர்ட் பக்கம் நான் வழக்கமாகப் போகும் சைனீஸ் சூப்பர்மார்க்கெட்டில் வெண்டைக்காய் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தது. ஹோண்டுராஸ் என்று அச்சிட்ட அட்டைப்பெட்டியைக் கிழித்து அப்படியே மேஜையில் கவிழ்த்திருந்தார்கள். பவுண்டு 1.99 டாலர். பெரிய செயின் கடையில் அதே வாரம் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்த வெண்டைக்காய் இதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே. சந்தோஷமாக ஒடிக்கத் தொடங்கினேன். பதினைந்து இருபது ஒடித்திருப்பேன், பக்கத்தில் கொத்தமல்லிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெண், ஐம்பது வயது இருக்கலாம், கையுறையோடு ஓடி வந்தார். "நோ பிரேக்! நோ பிரேக்! யூ பிரேக், யூ பை!" நான் ஒடித்துவிட்டுத் திரும்பப் போட்ட வளைந்த நுனிக்காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார். சுற்றி நின்ற நாலு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் தமிழர். சட்டென்று கத்தரிக்காய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கூடையிலும் வெண்டைக்காய் இருந்தது.

அடுத்த வாரம் அந்த மேஜைக்கு மேலே ஒரு அட்டை தொங்கியது. சீனத்தில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே கையெழுத்தில்: "தயவுசெய்து வெண்டிக்காய் முறிக்க வேண்டாம்." இந்தியில் இல்லை, குஜராத்தியில் இல்லை, பிலிப்பைன்ஸ்காரர்களின் தகலோக்கில் இல்லை. தமிழில் மட்டும். குற்றவாளி யார் என்று கடைக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. 'வெண்டிக்காய்', 'முறிக்க' என்ற சொற்களைப் பார்த்தால் கல்லாவில் வேலை பார்க்கும் ஏதோ ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று கேட்காதீர்கள்.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த அட்டை இல்லை. எனக்கும் ஒரு நண்பனுக்கும் பத்து வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருந்த ஒரு வழக்கு.

நண்பன் மதுரைக்காரன். வந்த புதிதில் ஒரே பேஸ்மென்டில் இருந்தோம். அவன் கட்சி இது: "சைனாக்காரன் கடையில மலிவா இருக்குன்னா சும்மாவா? பாதி அழுகல், மீதி முத்தல். அவ்வளவு குறைச்சுக் குடுக்கறான்னா அதுல ஏதோ இருக்குடா." என் கட்சி: அங்கே கிடைப்பதுபோலப் புதுக்காய் ஸ்கார்பரோவில் வேறெங்கும் கிடைக்காது, உனக்கு வாங்கத் தெரியவில்லை. இரண்டு பேரும் பேசுவது ஒரே கடையைப் பற்றி. தீபாவளிக்குத் தீபாவளி, யார் வீட்டிலாவது சாப்பிட உட்கார்ந்தால், பொரியலைப் பார்த்ததும் வழக்கு ஆரம்பமாகிவிடும். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. நானும் இல்லை.

மலிவைக் கண்டால் நம் ஆட்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஊரில் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசியவர்கள்தான் நாம். இங்கே வந்ததும் விலை அதிகமாக இருந்தால் திட்டுகிறோம், குறைவாக இருந்தால் பயப்படுகிறோம். செயின் கடையில் மெழுகு பூசியதுபோல மினுங்கும் குடைமிளகாயைப் பார்த்து யாரும் "இதுல என்ன கலந்திருக்கான்" என்று கேட்பதில்லை. சைனீஸ் கடை வாசலில் மீன் வாடை மூக்கில் ஏறியதுமே கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். நானும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான்.

மூன்று தலை யானை

என்னை உள்ளே தள்ளிவிட்டவர் எதிர்வீட்டு அக்கா. வடமராட்சிக்காரர், தொண்ணூறுகளிலேயே இங்கே வந்தவர். நான் தமிழ்க் கடையில் ஐஸில் கிடந்த மீனை வாங்கிக்கொண்டு வந்ததைப் பார்த்துவிட்டு, "தம்பி, மீன் எண்டால் சைனீஸ் கடைக்குப் போங்கோ. அங்க உயிரோட நீந்துது. தலையை எறிய விடாதேங்கோ, கேட்டு வாங்குங்கோ" என்றார். போனேன். கண்ணாடித் தொட்டியில் திலாப்பியா. சுவரில் மீனை எப்படி எப்படி வெட்டித் தருவார்கள் என்று படம் போட்டு எண் கொடுத்திருந்தது. மொழியே தேவையில்லை, விரலைக் காட்டினால் போதும். நான் இரண்டு விரலைக் காட்டினேன், தலை போய்விட்டது. அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது.

அந்தக் கடையில் நான் செய்த தவறுகளுக்குத் தனிப் பதிவே போடலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை மாவு வேண்டியிருந்தது. தாய்லாந்து அரிசி மாவு, பாக்கெட்டில் மூன்று தலை யானைப் படம், தமிழ்க் கடை மாவில் பாதி விலை. தாய்லாந்தில் ஐராவதத்தை மூன்று தலையோடுதான் வரைவார்கள், எராவன் என்பார்கள். தாராசுரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். ஐராவதம் பூஜித்த கோயில் என்று சொல்லி வளர்ந்தவன். பிள்ளையாருக்கு யானை மாவைவிட வேறென்ன பொருத்தம் வேண்டும்? இரண்டு பாக்கெட் எடுத்துப் போட்டேன். அந்த மாவில் சிவப்பு எழுத்துப் பாக்கெட் சாதாரண அரிசி மாவு, பச்சை எழுத்துப் பாக்கெட் ஒட்டரிசி மாவு. நான் எடுத்தது பச்சை. இட்லித் தட்டில் இருபத்தொரு கொழுக்கட்டையும் உருகி ஒன்றோடொன்று கலந்து, திறந்தபோது ஒரே கொழுக்கட்டையாக இருந்தது. மனைவி அதைக் கரண்டியால் இழுத்தாள், முழ நீளத்துக்கு வந்தது. பிள்ளையார் அதையும் ஏற்றுக்கொண்டிருப்பார். இட்லித் தட்டுதான் தேறவில்லை.

எழுத்தை நம்பக்கூடாது, உருவத்தை நம்ப வேண்டும் என்பது அங்கேதான் பிடிபட்டது. கீரை அடுக்கில் நீளமாக, தண்டு குழாயாக, ஈட்டி முனை இலையோடு ஒரு கட்டு. பலகையில் ஓங் சோய். எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் படர்ந்து கிடக்கும் வள்ளைக்கீரை அல்லவா இது! அக்கா அதைப் பார்த்ததும் "கங்குன்" என்றார். இலங்கையில் அந்தப் பேர்தான். சீனர்கள் மாண்டரினில் அதைக் 'கொங் சின் சாய்' என்கிறார்கள், உள்ளே வெற்றாக இருக்கும் கீரை என்று அர்த்தம். தண்டைக் கிள்ளிப் பார்த்தவர்கள் வைத்த பேர். இப்படிப் பேரை விட்டுவிட்டு உருவத்தைப் பார்த்துப் போனால் அந்தக் கடையில் பாதி நம் சமையலறைதான். நீர்ப்பூசணி, பீர்க்கங்காய், பயத்தங்காய், சேப்பங்கிழங்கு, தண்டுக்கீரை, பசலை. பாகற்காய் மட்டும் வெளிர்பச்சையாக, முள்ளில்லாமல், வழவழவென்று வேறு மாதிரி இருக்கும், கசப்பும் குறைவு. பிலிப்பைன்ஸ் கடைக்குப் போனால் உறைய வைத்த முருங்கைக்கீரை மலுங்காய் என்ற பேரில் கிடைக்கும்.

மளிகை விஷயத்தில் மட்டும் ஏமாறக்கூடாது. பருப்பு, புளி, மிளகாய்த்தூள், பொன்னி அரிசி இதெல்லாம் நம் கடைகளில்தான் மலிவு, நன்றாகவும் இருக்கும். சைனீஸ் கடையில் லாபம் கீரை, காய், இஞ்சி, பூண்டு, மீன், டோஃபு ஆகியவற்றில். "பரவாயில்லை, ஒன்று வாங்கிப் பார்ப்போம்" என்று நான் வாங்கிய சாஸ் பாட்டில்கள் பதினொன்று என் ஃபிரிட்ஜ் கதவில் நிற்கின்றன. காயில் மிச்சம் பிடித்ததில் கால்வாசி அந்தக் கதவில் இருக்கிறது.

பொறுக்குகிற வேலை யாருடையது?

2022 செப்டம்பரில் கனடாவில் மளிகைச் சாமான் விலை முந்தைய வருஷத்தைவிட 11.4 சதவீதம் ஏறியிருந்தது. 1981-க்குப் பிறகு அப்படி ஒரு ஏற்றம் இல்லை என்று செய்தியில் சொன்னார்கள். அந்த மாதம்தான் ஒரு நோட்டுப் போட்டு பில்களை எழுத ஆரம்பித்தேன். செயின் கடை, தமிழ்க் கடை, சைனீஸ் கடை, மூன்று பத்தி. காயும் கீரையும் மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரே மாதிரிப் பொருளுக்குச் சைனீஸ் கடையில் பெரும்பாலும் பாதி விலை, சிலதில் அதற்கும் கீழே. இது தள்ளுபடி இல்லை, ஒவ்வொரு வாரமும் இதே கதை. நண்பன் சொன்ன 'ஏதோ இருக்கு' எனக்கும் அரிக்க ஆரம்பித்தது. என்னதான் இருக்கிறது?

நிஜமாகவே சில காரணங்கள் இருக்கின்றன, மர்மம் எதுவும் இல்லை. டொரொண்டோவின் மேற்கே, எட்டோபிகோவில், 1954-இலிருந்து ஒன்டாரியோ ஃபுட் டெர்மினல் என்று ஒரு மொத்தச் சந்தை நடக்கிறது, நாட்டிலேயே பெரியது. நம் கோயம்பேடு என்று வைத்துக்கொள்ளுங்கள், பதிவு செய்த வியாபாரிகளுக்கு மட்டும் கதவு திறக்கும் கோயம்பேடு. தனிக் கடைக்காரர்கள் விடிவதற்கு முன்னால் போய் அன்றைக்கு எது மலிந்து கிடக்கிறதோ அதை எடுத்து வருகிறார்கள். பெரிய செயின் அப்படி வாங்க முடியாது. நூற்றுக்கணக்கான கிளைகளுக்கும் ஒரே அளவு, ஒரே நிறம், கிடங்கில் இருந்து லாரியில் ஏறி அடுக்கில் நாலைந்து நாள் தாங்குகிற சரக்கு வேண்டும். நாளைக்குள் விற்றே ஆக வேண்டிய பழுத்த மாம்பழம் அவர்களுக்குத் தலைவலி. வாசலில் கூட்டம் அலைமோதும் கடைக்கு அதுதான் லாபம். நியூயார்க் சைனாடவுனின் காய்கறி வரத்தை ஆராய்ந்த வலெரி இம்ப்ரூஸ் என்ற ஆய்வாளர், ஃபுளோரிடாவிலும் ஹோண்டுராஸிலும் இருக்கும் சின்னப் பண்ணைகளிலிருந்து சின்னச் சின்ன மொத்த வியாபாரிகள் வழியாக, பெரிய கம்பெனிகளின் பாதைக்கு வெளியே, அந்தக் காய்கள் வந்து சேர்வதைத் தடம் பிடித்துப் போய்ப் பார்த்திருக்கிறார். என் வெண்டைக்காய்ப் பெட்டியில் ஹோண்டுராஸ் என்று இருந்ததற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

கூட்டமும் சும்மா வந்ததில்லை. 1984-இல் அஜின்கோர்ட்டில் ஷெப்பர்ட் சாலைப் பக்கம் ஒரு பழைய ஸ்கேட்டிங் கூடத்தை மாற்றி டிராகன் சென்டர் என்ற சீனக் கடைத்தொகுதியைத் திறந்தார்கள். கார் நிறுத்த இடமில்லை என்று அக்கம்பக்கத்தில் சண்டை வந்தது. கார் என்பது சாக்கு. அந்த வருஷக் கடைசியில்தான் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பது என்று பிரிட்டன் கையெழுத்துப் போட்டது, அங்கிருந்து ஆட்கள் கிளம்பினார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 83 ஜூலைக்குப் பிறகு, கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நம் ஆட்கள். இரண்டு கூட்டமும் இதே ஸ்கார்பரோவில் வந்து விழுந்தது. இரண்டு கூட்டத்துக்கும் மீன் தலையோடு வேண்டும், கீரை வேரோடு வேண்டும், கையால் தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் விலையில் பெரிய பங்கு என்று நினைக்கிறேன். செயின் கடையில் டப்பாவுக்குள் வரும் வெண்டைக்காயை யாரோ எங்கேயோ தரம் பிரித்திருக்கிறார்கள். முற்றலை எடுத்துப் போட்டு, ஒரே நீளத்தில் அடுக்கி, பிளாஸ்டிக் சுற்றி. அந்தக் கைகளுக்கான கூலியும், எடுத்துப் போட்ட காயின் நஷ்டமும் நாம் கொடுக்கும் விலையில் இருக்கிறது. சைனீஸ் கடையில் பெட்டியை அப்படியே கவிழ்க்கிறார்கள். பிஞ்சும் முற்றலும் கலந்துதான் வரும். பொறுக்குகிற வேலை நம்முடையது, அதற்கான கூலிதான் நமக்கு மிச்சமாகும் இரண்டு டாலர். சீனத்துப் பாட்டிகள் நாப்பா முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடை போடுவதற்கு முன்னால் உரித்து அங்கேயே போட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு மேலேயும் ஒரு அட்டை தொங்குகிறது, சீனத்தில். நமக்கு நுனி, அவர்களுக்கு இலை.

இந்த விளக்கத்தோடு நான் பல நாள் திருப்தியாக இருந்தேன். நண்பனிடமும் சொன்னேன்: "மலிவுல ஒண்ணும் இல்லடா. உனக்குப் பொறுக்கத் தெரியல, அவ்வளவுதான். எங்கம்மா எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க, உனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல." அவன் ஒன்றும் பேசவில்லை. மதுரைக்காரன் பேசாமல் இருந்தால் கோபம் என்று அர்த்தம்.

99 சென்ட் தட்டு

அட்டை தொங்கவிட்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். டிசம்பர், புதன்கிழமை. வீட்டில் காய் ஒன்றுமில்லை என்று மனைவி போன் செய்தாள். அலுவலகத்தில் தாமதமாகி, கடைக்குள் நுழையும்போது மணி எட்டே முக்கால். சனிக்கிழமை காலை தவிர வேறு நேரத்தில் நான் அங்கே போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. வேறு ஏதோ கடைக்குள் வந்துவிட்டேனோ என்று இருந்தது. கொத்தமல்லி அடுக்கில் ஈரத் தண்டுகள் மட்டும் கிடந்தன. கங்குன் கட்டுகளில் இலை கருத்திருந்தது. வெண்டைக்காய் மேஜையில் கைப்பிடி அளவு, எல்லாம் விரல் நீளத்துக்கு மேலே, எல்லாம் நுனி வளைந்தது. பக்கத்தில் நுரைத் தட்டில் பிளாஸ்டிக் சுற்றி, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டி 99 சென்ட். ஒன்றரைப் பவுண்டு இருக்கும். சுற்றிலும் கூட்டம் இருந்தது, ஆனால் காலைக் கூட்டம் இல்லை. முதுகுப்பை, பனி ஈரம் சொட்டும் பாதுகாப்பு பூட்ஸ், கழுத்தில் கழற்ற மறந்த அடையாள அட்டை. ஒரு பையன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். நானும் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் மனைவி பலகையில் கொட்டினாள். நறுக்கப் போனவள் நிறுத்திவிட்டு, "கத்தி இறங்கலைங்க" என்றாள். நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று இருந்தது. ஒவ்வொன்றின் நுனியும் கழுத்து மடங்கி, தோல் கிழியாமல் தொங்கிக்கொண்டிருந்தது. மடங்கிய இடம் பழுப்பாகி, சிலதில் நகக்குறி பிறை மாதிரி பதிந்திருந்தது. என் அம்மா சொல்லிக்கொடுத்த அதே இடத்தில், அதே கோணத்தில். தேறியது ஐந்து. மனைவி சிரித்தாள். "யாரோ நம்மாளுங்க பரிட்சை வெச்சு ஃபெயிலாக்கினதை எல்லாம் பொறுக்கிட்டு வந்திருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தபோது பேஸ்மென்ட் ஞாபகம் வந்தது. 2010-இல் நானும் நண்பனும் மார்க்கமில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தோம், காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை. இரண்டு பஸ் மாறி, ஷெப்பர்டில் இறங்கி, இதே கடைக்குள் நுழையும்போது எட்டரை, எட்டே முக்கால். மேஜையில் என்ன இருக்குமோ அதுதான் எங்களுக்கு. "சைனாக்காரன் கடைன்னாலே அழுகல்" என்று முதலில் சொன்னது அவன் இல்லை, நான்தான். 2012-இல் எனக்கு அலுவலக வேலை கிடைத்தது, கார் வாங்கினேன், சனிக்கிழமை காலை போக ஆரம்பித்தேன். அப்போதிலிருந்து கடை நன்றாக ஆகிவிட்டது. கடை மாறியதாகவோ நான் மாறியதாகவோ தோன்றவே இல்லை. எனக்கு வாங்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நண்பன் இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான், நிரந்தர வேலை, நல்ல சம்பளம், ஆனால் ஷிஃப்ட் முடிந்து அவன் கடைக்கு வரும் நேரம் மட்டும் மாறவே இல்லை. பதினைந்து வருஷமாக அதே எட்டே முக்கால்.

பெட்டியைக் கவிழ்க்கும்போது அதில் பிஞ்சும் முற்றலும் கலந்துதான் இருக்கிறது. 1.99 என்பது அந்தக் கலவைக்கு வைத்த விலை. காலையில் நான் போய் பிஞ்சை மட்டும் எடுத்தால் எனக்கு அது கொள்ளை மலிவு. அதே 1.99-க்கு, அல்லது 99 சென்டுக்கே ஆனாலும், ராத்திரி வருகிறவன் வாங்குவது நான் கழித்துப் போட்டதை. வெறுமனே கழித்திருந்தாலாவது பரவாயில்லை. நுனியை மடக்கி, பழுப்பேற வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். 'பொறுக்குகிற கூலி எனக்கு மிச்சம்' என்று நான் நோட்டில் எழுதி வைத்த இரண்டு டாலரில் கொஞ்சம் நண்பன் பாக்கெட்டிலிருந்து வந்தது. இதில் சீனாக்காரர் எங்கே வந்தார்?

போன் செய்து சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இத்தனை வருசமா நீ ஒடிச்சுப் போட்டதைத்தான் நான் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்?" என்றான். பிறகு, "அதையும் தின்னுட்டு, வாங்கத் தெரியலன்னு உங்கிட்ட பேச்சும் வாங்கியிருக்கேன்" என்றான். வழக்கு அன்றோடு முடிந்தது. அபராதம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். சனிக்கிழமை அவன் வீட்டுக்கும் சேர்த்து நான்தான் வாங்குகிறேன்.

கடையில் கையுறையோடு ஓடி வந்த அந்தப் பெண்ணிடமும் ஒரு நாள் பேசினேன், பேச்சு என்பதைவிடச் சைகை. தட்டுகளைக் காட்டி, தினமும் எத்தனை என்று விரலால் கேட்டேன். இரண்டு கையையும் விரித்து உதட்டைப் பிதுக்கினார். மேஜையில் ஒரு காயை எடுத்தார். ஒடிக்கவில்லை. நடுவயிற்றில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வைத்து லேசாக அமுக்கினார், என் கையில் கொடுத்து என்னையும் அமுக்கச் சொன்னார். பிஞ்சு கொஞ்சம் அமுங்கி மீண்டு வந்தது, உள்ளே ஈரம் இருப்பது தெரிந்தது. அடுத்து ஒரு முற்றலைக் கொடுத்தார். வரிகள் எலும்பு மாதிரி விரலில் குத்தின. "சாஃப்ட், குட். ஹார்ட், நோ." நுனியை நீட்டி, "நோ பிரேக்" என்று மறுபடியும் சொன்னார், இந்த முறை கத்தாமல். அமுக்கிப் பார்த்தால் காய்க்குச் சேதமில்லை. வேண்டாமென்றால் அப்படியே வைத்துவிடலாம். ராத்திரி வருகிறவனுக்கு முற்றல் மிஞ்சுவது மிஞ்சத்தான் செய்யும், அதை நான் மறைக்கவில்லை; நகக்குறியாவது இல்லாமல் மிஞ்சும். நானும் இப்போது கண்ணில் படுவதில் பத்துக்கு இரண்டு மூன்று நடுத்தரக் காயையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறேன். மனைவிக்குச் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

எதிர்வீட்டு அக்காவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "முறிச்சுப் பாக்காமல் வெண்டிக்காய் எடுக்கிறதெண்டால், அதுக்கு நான் கத்தரிக்காயே எடுப்பன் தம்பி" என்றார். அந்த அட்டையை எழுதிய பிள்ளை யாரென்று விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். கும்பகோணத்தை விட்டுத் தங்கையோடு சென்னைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஒடிக்காமல் வெண்டைக்காய் வாங்கக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அதிர்ச்சியாவாள் என்று நினைத்தேன்.

"நான் எங்கடா இப்போ ஒடிக்கறேன்? போன்ல அழுத்தினா பத்து நிமிஷத்துல கொண்டு வந்து குடுத்துட்டுப் போறான். பாக்கெட் போட்டு வருது."

"முத்தலா இருந்தா?"

"போட்டோ எடுத்து அனுப்பணும். உன் தங்கை அனுப்புவா. காசைத் திருப்பிப் போட்டுடறான்."

"அந்தக் காயை?"

"காயை எங்க திருப்பிக் கேக்கறான்? சாம்பார்ல போட்டுடுவேன்" என்றாள் அம்மா. "நன்னா வேக வெச்சா ஒண்ணும் தெரியாது."